35(3) நோட்டீசும் அதைத் தொடரும் சொற்களும்

அன்புள்ள மருமகனுக்கு,

35(3) நோட்டீஸ் கைது ஆணை அல்ல. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஏ நோட்டீசுக்கு வந்த புது எண் அது. உடனே கைது செய்யத் தேவையில்லாத வழக்கில், இன்ன நாளில் ஆஜராகச் சொல்வதே அதன் வேலை. ஆஜராகி ஒத்துழைப்பவரை, காரணத்தை எழுதி வைக்காமல் கைது செய்யக் கூடாது. போகாவிட்டால் அதையே காரணமாக்கிக் கைது செய்யலாம்.

தனியாகவும் போகலாம், வக்கீலோடும் போகலாம், முடிவு போகிறவருடையது. தனியாகப் போகிறவர் நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார், அவ்வளவுதான் வித்தியாசம்.

‘சும்மா விசாரணைக்கு’ என்று ஒரு பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை. சித்தப்பாவை அழைத்துப் போனபோதும் அப்படித்தான் சொன்னார்கள். அன்று வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து அவரை எத்தனை வருஷம் கோர்ட்டுக்கு அலைய வைத்தது என்பது வீடறிந்தது. விசாரணையில் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொள்ளலாம். சொன்னவரிடம் அதில் கையெழுத்து வாங்கக் கூடாது என்கிறது 181ஆம் பிரிவு. அன்று அதற்கு இணையான 162ஆம் பிரிவு இருந்தது. எடுத்துச் சொல்லத்தான் பக்கத்தில் ஆளில்லை.

கைதுக் குறிப்பு வேறு. அதில் சாட்சியோடு கைதானவரும் கையெழுத்திட வேண்டும். தேதியையும் நேரத்தையும் படித்துப் பார்த்த பிறகு. பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்ற கணக்கு அந்த நேரத்திலிருந்துதான் ஓடும்.

மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிடுவது ரிமாண்ட். நீதிமன்றக் காவல் என்றால் சிறை. போலீஸ் காவல் என்றால் விசாரணை அதிகாரியின் பிடியில். போலீஸ் காவல் மொத்தம் 15 நாளுக்கு மேல் கூடாது. வழக்கைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் கேட்பது உரிமை.

ஸ்டேஷன் ஜாமீன் சிறு குற்றங்களுக்கு. அது இன்ஸ்பெக்டரின் கருணை அல்ல. பத்திரிகைகள் எழுதும் ‘ஜாமீனில் வெளிவர முடியாத பிரிவு’ வீணாகக் கலங்கடிக்கும்: அதிலும் கோர்ட் ஜாமீன் தரலாம். கைதுக்கு முன்பே வாங்குவது முன்ஜாமீன், 482ஆம் பிரிவு. தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொல்வது நிபந்தனை ஜாமீன். மறியல் செய்தவர்களைக் கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விடுவது இந்தக் கணக்கில் சேராது.

ஜாமீனில் வந்தவர் மேல் வழக்கு அப்படியே இருக்கும். குற்றச்சாட்டுப் பதிவுக்கு முன்பே கோர்ட் அனுப்பிவிட்டால் விடுவிப்பு. விசாரணை முடிந்து குற்றமற்றவர் என்று தீர்ப்பானால் விடுதலை.

நோட்டீஸ் வந்ததற்காக அக்கா மகன் மேல் இங்கே யாருக்கும் கோபமில்லை. அவன் தப்பு செய்கிற பிள்ளையும் இல்லை. வக்கீலிடம் பேசியாயிற்று, பீஸ் மாமா பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை அத்தை கறிக்குழம்பு வைக்கிறாள், வேண்டிய மட்டும் சாப்பிடலாம்.

அன்புடன்,
மாமா