ஷிப்மெண்ட் முடிந்த பிறகும் கேள்

அன்புள்ள அம்மிணி,

நீ அனுப்பிய விண்ணப்பக் கட்டுரையைப் படித்தேன். முக்கால்வாசியும் உங்கம்மாவைப் பற்றித்தான். செக்கிங் டேபிளில் நின்றே வீங்கிய கால், சனிக்கிழமைச் சம்பளம், உன் ஃபீஸ். படித்ததும் எனக்குக் கண் கலங்கியது. ஆனால் தேர்வுக் குழு அத்தை இல்லை. அதை நாலு வரியாகக் குறைத்துவிடு.

கடைசிப் பத்தியில், பிஎச்.டி. முடித்துத் திருப்பூரிலேயே கிளினிக் வைப்பேன் என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் எனக்குப் பயம். பிஎச்.டி. பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு மாட்ட முடியாது. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். இல்லாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (ஆயிரம்தானே என்று சிரிக்காதே, சிறையையும் சேர்த்துப் படி.) பதிவேட்டில் ஏற வேண்டுமென்றால், ஆஸ்பத்திரியில் மேற்பார்வையாளரின் கீழ் நோயாளிகளைப் பார்த்துப் பழகும் படிப்பு வேண்டும். இத்தனை காலம் இரண்டாண்டு எம்.ஃபில்.தான் அந்த வழி. யுஜிசி 2022-ல் எம்.ஃபிலையே நிறுத்தியது, ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிக்கு 2025-26 வரை தவணை கொடுத்தது. சிகிச்சைப் பயிற்சியும் ஆய்வும் சேர்ந்த சை.டி. என்ற முனைவர் படிப்பும் இருக்கிறது, எம்.எஸ்சி. முடித்தவர்களுக்கு நான்கு வருஷம். உனக்கு அதுதான் பொருந்தும் என்று நினைக்கிறேன். அட்மிஷன் ஆபீசில் ‘அங்கீகாரம் வந்துவிடும் மேடம்’ என்பார்கள். அதை நம்பிப் பணம் கட்டாதே. கழகத்தின் பட்டியலில் அந்தக் கல்லூரியின் பெயரும், அதே படிப்பும், நீ சேரும் ஆண்டும் இருக்கிறதா என்று நீயே பார்.

ஆராய்ச்சிதான் வேண்டும், பிறகு காலேஜில் பாடம் எடுப்பேன் என்றால் பிஎச்.டி.க்கே போடு. 2024 முதல் நெட் மதிப்பெண்ணை வைத்தே விண்ணப்பிக்கலாம். ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் வரும், அப்பாவிடம் கை நீட்ட வேண்டாம். குறைந்தது மூன்று வருஷம் ஆகும், ஆறு வரை இழுக்கலாம். கல்யாணப் பேச்சை நான் அண்ணனிடம் பார்த்துக்கொள்கிறேன்.

எந்தப் பக்கம் போனாலும் ஆய்வுத் தலைப்பை மாற்று. ‘திருப்பூர் பின்னலாடைத் தொழிலாளர்களின் மனநலம்’ என்றால் நிட்டிங்கும் டையிங்கும் ஸ்டிச்சிங்கும், ஒடிசாவிலிருந்து வந்த பையனும், ஹாஸ்டலில் இருக்கும் பெண்ணும் எல்லாம் அதற்குள் வந்துவிடுவார்கள். நீ மனச்சோர்வை அளக்கும் பிஹெச்க்யூ-9 கேள்வித்தாளைக் கொடுக்கப்போகிறாய். ஒன்பது கேள்வியும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியவை. தூக்கம் எப்படி, களைப்பு உண்டா, பசிக்கிறதா, கவனம் நிற்கிறதா. இதை ஷிப்மெண்ட் நெருக்கத்தில், தினமும் ஒன்றரை ஷிப்ட் ஓடும் லைனில் கொடுத்துப் பார். ஓவர்லாக் டைலரிலிருந்து பிசிறு வெட்டுகிற அக்கா வரை பாதிப் பேருக்கு மனச்சோர்வு என்று வந்து நிற்கும். சரக்கு கன்டெய்னரில் ஏறிய அடுத்த மாதம் அதே ஆட்களிடம் கேட்டால் எண்ணிக்கை இறங்கலாம், இறங்காமலும் போகலாம். வேலை குறைந்த பிறகும் தூங்க முடியாதவர் யார்? சிகிச்சை தேவைப்படுகிறவர் அந்தக் கூட்டத்தில்தான் இருப்பார். ஒரே ஆட்களை இரண்டு தடவை அளப்பது என்று வைத்துக்கொண்டால் தலைப்பும் சுருங்கும், நேர்காணலில் பேசவும் விஷயம் இருக்கும். பீஸ் ரேட்காரரையும் ஷிப்ட் சம்பளக்காரரையும் தனித்தனியாகப் பார். ஆர்டர் இல்லாத மாதத்தில் பீஸ் ரேட்காரருக்கு ஓய்வோடு கடனும் சேர்ந்து வரும். இதையெல்லாம் உங்கம்மா ஒரு சாயங்காலத்தில் சொல்லித்தருவாள்.

தாளை ஹெச்.ஆர். கையில் கொடுத்து நிரப்பி வாங்காதே. எல்லோரும் ‘நல்லா இருக்கேன்’ என்று டிக் அடித்துத் தந்துவிடுவார்கள். முதலாளி கேட்டைத் திறந்துவிடலாம், அவ்வளவுதான். சம்மதத்தைத் தொழிலாளியிடம் தனியாக, அவர் மொழியில் வாங்க வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாக வேண்டும் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு ஒருவர் ஆம் என்றால் அன்றைக்கே என்ன செய்வாய், யாரிடம் கூட்டிப்போவாய் என்பதைத் திட்டத்தில் எழுதாமல் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பாதே. 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரை முன்கூட்டியே பார்த்துப் பேசி வை.

வழிகாட்டிக்கு எழுதும் மெயில் பத்து வரிக்கு மேல் போக வேண்டாம். அவருடைய கட்டுரை ஒன்றையாவது முழுசாகப் படித்துவிட்டு எழுது. அனுப்பும் முன் ஞாயிற்றுக்கிழமை போனில் எனக்கு வாசித்துக் காட்டு.

உன் அத்தை