குளத்தில் இறக்கிவிட ஒருவர் வேண்டும்



பெதஸ்தா குளத்தருகே 38 வருஷம் வியாதியோடிருந்த மனிதனை அறிவீர்கள். குளம் பக்கத்திலேதான் இருந்தது. இறக்கிவிட ஆள்தான் இல்லை. அரசு உதவியைப் பெறாமலிருக்கும் மாற்றுத்திறனாளிகள் பலரின் நிலையும் இதுவே.

தகுதி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது? 1995-ம் ஆண்டுச் சட்டம் 7 வகை ஊனங்களை ஏற்றது. 2016-ம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக்கியது. அரசு நியமித்த மருத்துவர்கள் பரிசோதித்து, ஊனத்தைச் சதவீதமாகக் குறித்துச் சான்று தருகிறார்கள். பல சலுகைகளுக்கு 40 சதவீதம் போதும். மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்துக்கோ 80 சதவீதம் வேண்டும். குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழும் இருக்க வேண்டும்.

தொழுநோயிலிருந்து சுகமான ஒருவரை எண்ணிப் பாருங்கள். விரல்கள் பத்தும் இருக்கின்றன. ஆனால் கொதிக்கும் பாத்திரத்தைத் தொட்டாலும் சுடுவது தெரியாது. வெளியே ஊனம் தெரியாவிட்டாலும் இந்த உணர்விழப்பைச் சட்டம் கணக்கில் எடுக்கிறது. இதை அறியாமல், "எனக்குத்தான் கை இருக்கிறதே" என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. சான்று மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

சதவீதம் சரீரத்தை அளக்கும்; கூலி நின்றுபோன வீட்டின் அடுப்பை அளக்காது. 79 சதவீதம் பெற்றவருக்கும் பசி உண்டு. ஆகவே நம் கடமை இரண்டு: தகுதியுள்ளவரோடு கூடப்போய் வரிசையில் நிற்பது, வரம்புக்கு வெளியே நிற்பவரைக் கைவிடாதிருப்பது. உங்கள் காணிக்கை இவ்விரண்டுக்கும் உதவுகிறது. உங்கள் சபையிலும் அப்படி ஒருவர் இருக்கலாம். இந்த வாரமே விசாரியுங்கள்.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்