சோலார் பைப்புக்கு எர்த்: கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் தெரஸ் வீட்டுக் கூரையில் பத்து பேனல் போட்டிருக்கிறோம். அங்கிருந்து கார் போர்ச்சில் இருக்கும் இன்வெர்ட்டர் வரை கம்பியை ஜி.ஐ. பைப்புக்குள் இறக்கியிருக்கிறார்கள். பைப்புக்கு எர்த் எங்கே என்று கேட்டால், "கேபிள் டபுள் இன்சுலேஷன் அம்மா, தேவையே இல்லை" என்கிறார் குத்தகையாளர். சரியா?
– வாசகி, தம்போய்

பதில்: தவறு. இந்தச் சமாதானத்தைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேபிளுக்கு இரட்டை உறை இருப்பது உண்மை. பி.வி.சி. பைப்பில் இறக்கியிருந்தால் எர்த் பேச்சே எழுந்திருக்காது. இரும்புக்குள் விட்ட பிறகு கதை வேறு. ஹேக்சாவால் அறுத்த வாயை அரம் போட்டுத் தேய்க்காமல், புஷ் மாட்டாமல் விட்டுவிடுகிறார்கள். பகல் வெயிலில் பைப் நீளும், இரவில் சுருங்கும். அந்தக் கூர் விளிம்பு கேபிளின் கறுப்பு உறையைத் தினமும் சுரண்டும். நான் உருவி எடுத்த கேபிள்களில் காயம் பெரும்பாலும் அங்கேதான்: பிறை போல ஒரு வெட்டு, அடியில் வெள்ளீயம் பூசிய செம்பு மினுக்கும்.

பத்து பேனலைத் தொடராகச் சேர்த்தால் 400 முதல் 500 வோல்ட் டி.சி. வரும். டி.பி. பெட்டியில் உள்ள ஆர்.சி.டி. இந்த டி.சி. பக்கத்துக் கசிவுக்காக வைத்ததல்ல, அதை நம்பாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்தாலும் வெயில் இருக்கும்வரை பேனல் கம்பியில் வோல்ட்டேஜ் இருக்கும். பிறகு யார்தான் காவல்? இன்வெர்ட்டர். காலையில் ஓடத் தொடங்குமுன் டி.சி. கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே இன்சுலேஷனை அது அளந்து பார்க்கும். குறைந்திருந்தால் ஓட மறுக்கும். காயம்பட்ட கம்பி எர்த் கொடுத்த பைப்பில் பட்டால் அங்கேயே பிடிபடும். எர்த் இல்லாத பைப்பில் பட்டால் இன்வெர்ட்டருக்கு ஒன்றுமே தெரியாது. பைப் முழுக்கக் கரண்டோடு சுவரில் நிற்கும். பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்ற வருபவரின் ஈரக்கைதான் அதைக் கண்டுபிடிக்கும்.

எங்கோ ஒரு கிளாம்ப் மாட்டிவிட்டால் எர்த் ஆகிவிடாது. பெயின்ட்டைச் சுரண்டாமல் இறுக்கிய கிளாம்ப்பால் பயனில்லை. நடுவே பிளாஸ்டிக் பெட்டியோ வளையும் பைப்போ வந்தால் இரு பக்கத்தையும் பச்சை மஞ்சள் கம்பியால் சேர்க்க வேண்டும். பேனல் சட்டத்து எர்த் கம்பி செம்பில் 6 சதுர மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது. பைப்பின் மேல்நுனிக்கும் மெயின் எர்த் கட்டைக்கும் இடையே உங்கள் கண்முன்னே அளக்கச் சொல்லுங்கள். ஒரு ஓமுக்கும் கீழே காட்ட வேண்டும். மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகளில் போராங் ஜி, போராங் எச் என்று இரண்டு படிவங்கள் உண்டு; எச் என்பது சோதனைச் சான்று. இரண்டையும் கையில் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எர்த் கம்பியைத் தண்ணீர்க் குழாயில் கட்டலாமா?
– வாசகர், மாசாய்

பதில்: கூடாது. பாதி வழியில் அந்தக் குழாய் பிளாஸ்டிக்காகியிருக்கும்.

கேள்வி: சோலாருக்கென்று தனி எர்த் ராடு அடித்தார்கள். வீட்டு எர்த்தோடு சேர்க்கவில்லை. அதுதான் இடிக்கு நல்லது என்கிறார்கள்.
– வாசகர், ஸ்கூடாய்

பதில்: இடிக்குத்தான் கெட்டது. பக்கத்தில் இடி விழும்போது இரண்டு ராடுகளுக்கும் இடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழலாம். அது உங்கள் இன்வெர்ட்டர் வழியாகத்தான் பாயும். ராடு இருக்கட்டும், மெயின் எர்த் கட்டையோடு இணைத்துவிடுங்கள். உலகிலேயே மின்னல் மிகுந்த நாடுகளில் நம்முடையதும் ஒன்று. டி.சி. பக்கம் எஸ்.பி.டி. (மின் எழுச்சித் தடுப்பான்) இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: மழை பெய்த மறுநாள் காலையில் இன்வெர்ட்டர் 'ஐசோ' பிழை காட்டி நின்றுவிடுகிறது. பத்து மணிக்கு மேல் தானாக ஓடுகிறது. எர்த் கம்பியைக் கழற்றினால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார்.
– வாசகி, கூலாய்

பதில்: கழற்றவே கழற்றாதீர்கள்! அந்த ஆளைக் கூரைப் பக்கம் விடவும் வேண்டாம். 'ஐசோ' என்றால் டி.சி. பக்கம் இன்சுலேஷன் குறைந்திருக்கிறது என்று பொருள். இன்வெர்ட்டர் கெட்டுவிட்டதோ என்று பயப்படாதீர்கள், அது தன் வேலையைத்தான் செய்கிறது. எங்கோ நீர் இறங்குகிறது. ஓட்டின் மேல் தொங்கவிட்ட கனெக்டர், சரியாக கிரிம்ப் செய்யாத முனை, மேல்வாய் திறந்த பைப், இவற்றில் ஒன்றாக இருக்கும். ஈரம் காய்ந்ததும் பிழை மறைகிறது. வெயில் நாளில் வயர்மேன் வந்தால் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மழை விட்ட மறுநாள் காலையிலேயே வரச்சொல்லி, இன்சுலேஷன் அளக்கும் மெகர் வைத்து ஒவ்வொரு ஸ்டிரிங்காகப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஏ.சி. சுவிட்சை முதலில், டி.சி. ஐசோலேட்டரை அடுத்து அணைத்து வையுங்கள். அணைத்த பிறகும் பைப்பையோ பேனல் சட்டத்தையோ வீட்டில் யாரும் தொட வேண்டாம்.