முதலில் வந்த நாய்க்கே முதல் பரிசா?

பிசானம் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும் யாராவது உங்களை நாய் ஓட்டத்துக்கு நடுவராகக் கூப்பிடலாம். நீங்கள் கால்நடை மருத்துவராக இருக்கலாம், தலைமுறையாகக் கன்னி நாய் வளர்க்கும் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். யாராக இருந்தாலும் ஒத்துக்கொள்ளும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: நாய் எதை விரட்டப் போகிறது?

உயிருள்ள முயல் என்றால் அங்கேயே மறுத்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. நாயை ஏவி விரட்டுவதும், விரட்ட முயல்வதும் வேட்டைதான். "பிடிக்க விடமாட்டோம், சும்மா ஓட விடுவோம்" என்ற சமாதானம் செல்லாது. நெல்லை மாவட்டத்துக் கங்கைகொண்டான் பக்கம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். 2013இல் அறிவிக்கப்பட்ட புள்ளிமான் சரணாலயம் அங்கே இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும் விடிந்ததும் நீங்களே தரையை ஒரு சுற்று நடந்து பாருங்கள். முயலோ மயிலோ கிடந்தால் அது போகும்வரை ஓட்டம் இல்லை.

சட்டத்துக்கும் நாய்க்கும் பொருந்துகிற வழி போலி முயல். தரையில் அடித்த கப்பிகள் வழியே ஓடும் நூலில் வெள்ளை பிளாஸ்டிக் பையைக் கட்டி மோட்டாரால் இழுப்பார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து விரட்டும் நாய்கள். அவற்றுக்கு அசைவு ஒன்றே போதும். ராஜபாளையம், கோம்பை நாய்களை இதே மதிப்பெண் தாளில் மதிப்பிடாதீர்கள். அவற்றின் பேரே காவலிலும் பன்றி வேட்டையிலும் வந்தது.

இனி மதிப்பெண். ஐரோப்பாவைத் தலைமையிடமாகக் கொண்ட எஃப்சிஐ என்ற நாய் வளர்ப்புக் கூட்டமைப்பு வேகம், ஆர்வம், சமயோசிதம், லாவகம், தாக்குப்பிடித்தல் என்று ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 20 தருகிறது. அமெரிக்காவின் அஸ்ஃபா என்ற போலி முயல் ஓட்டச் சங்கம் வேகத்துக்கும் லாவகத்துக்கும் தலா 25, தாக்குப்பிடித்தலுக்கு 20, ஆர்வத்துக்கும் பின்தொடர்தலுக்கும் தலா 15 என்று போடுகிறது. இரண்டு தாளிலும் வேகத்துக்குக் கால் பங்குக்கு மேல் இல்லை. நம் ஊரில் பலர் கேட்கத் தயங்கும் செய்தி இதுதான்.

நேர் ஓட்டத்தில் கிரேஹவுண்டை வெல்வது கடினம். நீங்கள் வேகத்துக்கே மதிப்பெண்ணைக் கொட்டினால், தோற்ற ஆள் வீட்டுக்குப் போய் என்ன செய்வார்? அடுத்த ஈத்துக்கு கிரேஹவுண்ட் கலப்பைத் தேடுவார். கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் சிப்பிப்பாறையைத் தனி இனமாகப் பதிவு செய்திருக்கிறது. பதிவு காகிதத்தில் இருக்கும். இனம் உங்கள் மதிப்பெண் தாள் காட்டும் பக்கம்தான் போகும். கரிசல் காட்டில் இந்த நாயை வளர்த்தவர்களுக்கு வேண்டியிருந்தது நேர்கோட்டு ஓட்டம் அல்ல. முயல் நேராக ஓடாது. அது ஒடிக்கும் இடத்தில் கூடவே ஒடிக்கிற நாய்தான் அவர்களுக்கு நாய்.

ஆகவே திருப்பத்தைப் பார்க்கிற இடத்தில் நில்லுங்கள். குளத்துக்கரை போல மேடான இடம் நல்லது. கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கவே வேண்டாம். இரண்டு நாய்கள் வருகின்றன என்று வையுங்கள். சாம்பல் நாய் முன்னால். மூன்றாம் கப்பியில் பை சட்டென்று இடப்பக்கம் மடங்குகிறது. சாம்பல் நாய் காலை ஊன்றி நிற்கப் பார்த்து, புழுதி கிளப்பி, இருபதடி வெளியே போய்த் திரும்புகிறது. பின்னால் வந்த கருங்கன்னி பை மடங்கும்போதே முன்தோளைத் தாழ்த்தி, பின்னங்காலை வயிற்றுக்கடியில் இழுத்து, வேகம் குறையாமல் உள்ளே மடங்குகிறது. கடைசியில் சாம்பல் நாய் ஒரு உடல் நீளம் முந்தியே வந்தாலும், லாவகத்தில் கருங்கன்னிக்கே கூடுதல் போடுங்கள்.

குறுக்கே வெட்டுவதில் நடுவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். பையின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், வளைவைக் கணித்துக் குறுக்கே பாய்கிற நாய் புத்திசாலி. ஓட்டத்தையே விட்டுவிட்டு, பை எப்படியும் இங்கே வரும் என்று போய் நிற்கிற நாய் வேலை செய்யவில்லை. பின்தொடர்தலில் குறைக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் கால்களில் தெரியும். கூட ஓடும் நாயைக் கடிக்கப் போனால் மதிப்பெண் குறைப்பது போதாது, வெளியேற்றுங்கள்.

தரை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். அரிந்த நெல் தாள் பாதத்தைக் குத்தும். வற்றிய குளத்துக் கரிசல் வெடிப்பில் கால் சிக்கினால் எலும்பு முறியும். உடைமுள் எங்கும் கிடக்கும். ஒரு வயது நிறையாத குட்டி, நொண்டும் நாய், பருவத்தில் இருக்கும் பெட்டை, இவற்றைத் தொடக்கத்திலேயே திருப்பி அனுப்புங்கள். நெல்லை வெயிலில் எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். நாயின் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டால் உயிருக்கே ஆபத்து. நிழல், தண்ணீர், ஒரு மருத்துவர், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போக ஒரு வண்டி: இந்த நான்கும் தயாரா என்று பார்க்காமல் முதல் ஜோடியை விடாதீர்கள்.

ஓட்டம் முடிந்ததும் பக்கத்து நடுவரிடம் பேசும் முன்பே எண்ணை எழுதிவிடுங்கள். யார் நாய் என்று தெரிந்தால் கை தயங்கும். அதனால் பேர் வேண்டாம், நாய்க்குக் கட்டிய துணியைப் பார்த்து, சிவப்புத் துணி, வெள்ளைத் துணி என்று நிறத்தை மட்டும் எழுதுங்கள். உங்கள் உறவினர் நாயோ, நீங்கள் விற்ற குட்டியோ வந்தால் அந்த ஓட்டத்துக்கு வேறொருவரை உட்கார வையுங்கள்.

பரிசு சொன்ன பிறகு எப்படியும் ஒருவர் வருவார்.

"என்ன அண்ணாச்சி, முன்னாடி வந்தது நம்ம நாயில்லா?"

ஒதுங்கிப் போகாதீர்கள். தாளை அவர் கையில் கொடுத்து, கப்பி இருக்கும் இடத்தைக் காட்டுங்கள். "முன்னாடி வந்தது நம்ம நாய்தான் அண்ணாச்சி. மூணாம் கப்பிகிட்ட வெளிய போயிட்டு வந்துச்சு, பாத்தியளா?"