ஏரிப் பாசியின் விஷம்

கோடையில் ஜலம் குறைந்து காற்று அடங்கிய நாட்களில், சில ஏரி குளங்களின்மேல் பச்சை வர்ணத்தைக் கரைத்து ஊற்றினாற்போல ஓர் ஆடை படிவதை மிராசுதாரர்கள் கண்டிருப்பார்கள். இதற்கு நீலப்பச்சைப் பாசி என்று பெயர். உண்மையில் இது சூரிய ஒளியைக்கொண்டு ஆகாரம் தயாரிக்கும் ஒருவகைப் பாக்டீரியாவேயாகும். நெல் வயல்களில் ஆகாயத்து நைட்ரஜனை நிலத்திற் சேர்க்கும் பாசிகளும் இவ்வினத்தனவே. ஆகையால் இனம் முழுவதையும் பழித்தல் தகாது. ஆனால் இவற்றுட் சில, கால்நடைகளைக் கொல்லத்தக்க விஷத்தை உண்டுபண்ணுகின்றன.

இவ்விஷயம் 1878-ம் வருஷத்தில் ஒரு விஞ்ஞான சஞ்சிகையில் விவரமாக வெளியாயிற்று. தென் ஆஸ்திரேலியாவில் மரே நதியின் முகத்துவாரத்தருகே உள்ளது அலெக்ஸாண்டிரினா ஏரி. ஜலம் தாழ்ந்து உஷ்ணம் மிகுந்திருந்த அக்காலத்தில், நாடுலாரியா என்னும் பாசி கூழ்போலத் தடித்து, 2 முதல் 6 அங்குல கனத்திற்குக் கரையோரம் ஒதுங்கியது. அதைக் குடித்த ஆடுகள் 1 முதல் 8 மணி நேரத்திலும், குதிரைகள் 8 முதல் 24 மணி நேரத்திலும் மாண்டன. அடிலெய்டைச் சேர்ந்த ஜார்ஜ் பிரான்சிஸ் என்பார் ஊகத்தோடு நில்லாமல், 30 அவுன்ஸ் பாசியை ஓர் ஆட்டுக்குப் புகட்டிப் பார்த்தார். அது 15 மணி நேரத்தில் இறந்தது.

அவ்விஷம் இன்ன பொருளென அறிய நூறு வருஷங்களுக்கு மேற் சென்றன. ஐந்து அமினோ அமிலங்கள் வளையமாய்க் கோத்த நாடுலாரின் என்னும் அப்பொருளின் அமைப்பு 1988-ல் தெளிவாயிற்று. குளங்களிற் காணும் மைக்ரோசிஸ்டிஸ் பாசியின் விஷத்தில் ஏழு அமிலங்கள் உண்டு. இரண்டும் ஈரலையே தாக்கும். மைக்ரோசிஸ்டிஸ் நமக்குப் புதிதன்று; கோயில் குளமொன்றில் அது நீங்காமற் படிந்திருந்ததை 1940-ல் கணபதி என்னும் ஆராய்ச்சியாளர் விவரித்தெழுதியுள்ளார்.

எந்தப் பாசி விஷமுள்ளது என்று கண்ணாற் பார்த்துச் சொல்ல இயலாது. ஒரே வகையில் விஷமுள்ளதும் உண்டு, இல்லாததும் உண்டு. ஜலத்தைக் காய்ச்சினாலும் விஷம் போகாது. மயில்துத்தம் கரைத்துவிட்டால் பாசி செத்து, அதனுள் அடங்கியிருந்த விஷம் ஜலத்தில் கலந்துவிடும். குளம் தெளிந்துவிட்டதென்று நம்பி மாடுகளை இறக்குவது அப்பொழுதுதான் பேரபாயம்.

பாசி படர்ந்த நாட்களில் கால்நடைகளுக்குக் கிணற்று ஜலமே கொடுக்கவேண்டும். அது கிடையாத இடத்தில், பாசி ஒதுங்கிய கரையைவிட்டு, காற்று எப்பக்கமிருந்து வீசுகிறதோ அக்கரையில் மட்டும் காட்டலாம். அதுவும் முற்றும் நிர்ப்பயமன்று. மாடு திடீரென இறந்தால் பகையாளி விஷமிட்டான் என்று பிராது கொடுப்பது கிராமங்களில் வழக்கம். விசாரிக்கும் அதிகாரிகள் முதலிற் குளத்தைப் பார்வையிட்டு, பாசியை வெறுங்கையால் தொடாமல் ஒரு சீசாவில் எடுத்து, அன்றே கால்நடை வைத்தியரிடம் சேர்ப்பிக்கவேண்டும்.