சிமெண்ட் இல்லாத இடுப்பு மூட்டு ஏன் தளர்கிறது?

அன்புள்ள கயலுக்கு,

சிமெண்ட் வைக்காமல் பொருத்தியதால்தான் செயற்கை மூட்டு ஆட்டம் காண்கிறதா என்று கேட்டிருந்தாய். ஒரு காலத்தில் மருத்துவ உலகம் இதற்கு நேர்மாறாக நம்பியது. 1962-இல் இங்கிலாந்தின் ரைட்டிங்டனில் ஜான் சார்ன்லி உருவாக்கிய மூட்டு, அக்ரிலிக் சிமெண்டில் நின்றது. பிறகு சிலருக்கு மூட்டைச் சுற்றி எலும்பு அரித்தபோது பழி சிமெண்டின் மேல் விழுந்தது. 1980களில் சிமெண்ட் இல்லாத மூட்டுகள் பரவின. அவற்றிலும் எலும்பு அரித்தது!

இந்த வகையில் டைட்டானியத் தண்டைத் தொடை எலும்புக்குள் இறுக்கமாகத் தட்டி இறக்குகிறோம். அதன் மேற்பரப்பில் 100 முதல் 400 மைக்ரான் அகலமுள்ள நுண்துளைகள் இருக்கும். முதல் சில வாரங்களில் எலும்பு அவற்றுக்குள் வளர்ந்து பற்றிக்கொள்ள வேண்டும். அப்போது தண்டு 40 மைக்ரான் அளவுக்கு அசைந்தால் எலும்பு பொறுத்துக்கொள்ளும். 150-ஐத் தாண்டினால் எலும்புக்குப் பதில் நார்த்திசுதான் வளரும். அந்தப் பிடி நிலைக்காது. அதனால், காலில் எவ்வளவு எடை ஊன்றலாம் என்று அறுவை மருத்துவர் எழுதித் தருவதை, பிசியோதெரபி படிக்கும் நீ ஒருபோதும் மீறாதே.

நன்றாகப் பற்றிய மூட்டும் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்துத் தளர்வதற்குப் பெரும்பாலும் காரணம், இடுப்பெலும்புக் குழியில் பொருத்தும் கிண்ணத்தின் உள்ளே இருக்கும் பாலிஎத்திலீன். நடக்க நடக்க அது தேய்ந்து, ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்களை உதிர்க்கிறது. மேக்ரோஃபேஜ் செல்கள் அவற்றை விழுங்குகின்றன, செரிக்க முடிவதில்லை. அவை விடும் வேதிச் சமிக்ஞைகள் எலும்பைக் கரைக்கும் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்களைத் தூண்டிவிடுகின்றன. தொடக்ககாலத் தண்டுகள் சிலவற்றில் நுண்துளைப் பூச்சு திட்டுத்திட்டாகவே இருந்ததால், மூட்டுத் திரவத்தோடு துகள்கள் இடைவெளி வழியே கீழே இறங்கின. பின்னர் சுற்றிலும் பூசத் தொடங்கினார்கள். 1990களின் இறுதியில் வந்த குறுக்குப்பிணைப்பு மிகுந்த பாலிஎத்திலீன் தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது. என் கணிப்பில், நோயாளிகளுக்கு இதைவிடப் பெரிய நன்மை செய்த மாற்றம் இத்துறையில் குறைவு.

உலோகம் எலும்பைவிட விறைப்பானது. சுமையை அதுவே வாங்கிக்கொள்வதால் தொடை எலும்பின் மேற்பகுதி மெலியும். ஆனால் இது மட்டுமே மூட்டைத் தளர்த்துவது அரிது. காய்ச்சலே இல்லாத மந்தமான கிருமித்தொற்றும் தளர்வு போலவே தோன்றும் என்பதால், மறு அறுவைக்கு முன் அதை அவசியம் சோதிக்க வேண்டும்.

நாற்காலியிலிருந்து எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் தொடை வலித்தால் தண்டைச் சந்தேகி. கவட்டை வலித்தால் கிண்ணத்தைப் பார். எலும்பு அரிப்போ பல காலம் வலியே தராது. "வலி இல்லையே, எதற்கு எக்ஸ்ரே?" என்று கேட்பவர்களிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லி, தவறாமல் எக்ஸ்ரே எடுக்க அனுப்பிவை, கயல்.

அன்புடன்,
மாமா