கிளர்ச்சியாளருக்கும் சட்டம் உண்டு

அன்புள்ள தம்பிக்கு,

ஆட்சியாளரை எதிர்த்துக் கிளம்பியவரைக் கொன்றுவிடுவதுதான் ஷரீஅத் என்று யாரோ பேசியதைக் கேட்டுவிட்டு, ‘சரிதானே ஹஜ்ரத்?’ என்று எழுதியிருக்கிறாய். சரியே இல்லை. ஃபிக்ஹ் கிதாபுகளில் ‘புகாத்’ (கிளர்ச்சியாளர்) என்று தனிப் பாடமே இருக்க, அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் மேடையேறுகிறவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

முஃமின்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் சமாதானம் செய்யுங்கள், வரம்பு மீறும் கூட்டத்தோடு அது திரும்பும்வரை போரிடுங்கள் என்னும் ஹுஜுராத் 9ஆம் வசனம் உனக்கு மனப்பாடம். எனவே நேரே கூஃபா பள்ளிவாசலுக்கு வருகிறேன். முஆவியா (ரலி) அவர்களுடனான ஸிஃப்பீன் போரில் (657) மத்தியஸ்தத்துக்கு ஒப்பியதற்காக, கலீஃபா அலீ (ரலி) அவர்களையே காஃபிர் என்றார்கள், அவர் படையிலிருந்து பிரிந்துபோன கவாரிஜ்கள். அவர் அந்தப் பள்ளிவாசலில் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து, தீர்ப்பு அல்லாஹ்வுக்கு மட்டுமே என்று முழங்கினார்கள். அவர் என்ன செய்தார்? மூன்று உறுதி கொடுத்தார்: பள்ளிவாசலுக்கு வருவதைத் தடுக்கமாட்டோம், எங்களோடு இருக்கும்வரை பொதுநிதியில் உங்கள் பங்கை நிறுத்தமாட்டோம், நாங்களாகச் சண்டையைத் தொடங்கமாட்டோம். இப்னு அப்பாஸை (ரலி) அனுப்பி வாதாடவும் செய்தார். பலர் திரும்பி வந்தார்கள். மீதிப் பேர் அப்துல்லாஹ் இப்னு கப்பாபையும் கர்ப்பிணியான அவர் மனைவியையும் கொன்றபோதுகூட, கொலையாளிகளை ஒப்படையுங்கள் என்றுதான் முதலில் கேட்டார். நாங்கள் எல்லோரும்தான் கொன்றோம் என்று பதில் வந்த பிறகே நஹ்ரவான் போர் (658).

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) தம் ‘அல்-உம்மு’ நூலில் இந்த நிகழ்ச்சியையும் ஆதாரமாக எடுக்கிறார். கருத்து கருத்தாக இருக்கும்வரை கைவைக்கக் கூடாது. போர் மூண்டாலும் ஓடுகிறவரைத் துரத்தக் கூடாது, காயம்பட்டவரைக் கொல்லக் கூடாது, சொத்தைச் சூறையாடக் கூடாது. கிளர்ச்சியாளர் வசூலித்த ஸகாத்தும் செல்லும். சண்டைக்கிடையே போன உயிருக்கும் பொருளுக்கும் பின்னால் பழிவாங்கலோ இழப்பீடோ கிடையாது. இந்தக் கடைசி விதிதான் முழுப் பாடத்துக்கும் உயிர் என்பது என் துணிபு. சரணடைந்த மறுநாளே வழக்கு என்றால் எவன் வாளைக் கீழே வைப்பான்?

கொள்ளைக்காரனுக்கு இந்தச் சலுகை இல்லை. கிளர்ச்சியாளர் என்று கருதப்பட, தாம் செய்வது நியாயம் என்று காட்ட ஒரு மார்க்க விளக்கமும், பின்னால் நிற்க ஒரு படைபலமும் இருக்க வேண்டும். எதிராளிக்கெல்லாம் கொள்ளைக்காரன் என்று பெயர் சூட்டிய அரசர்கள் உண்டு. அது அரசர்களின் குற்றம், சட்டத்தின் தலையில் போடாதே.

இன்னொன்று. 661இல் அலீயின் மகன் ஹஸன் (ரலி) அவர்கள் முஆவியா (ரலி) அவர்களிடம் ஆட்சியை விட்டுக்கொடுத்ததைப் பலவீனம் என்று உன் கட்டுரையில் எழுதியிருக்கிறாய். தம் தந்தையின் தரப்பில் நின்றவர்களுக்கு உயிர்ப் பாதுகாப்பு கேட்டு வாங்கிய பிறகே அவர் ஒப்பினார். அதை அச்சுக்குக் கொடுக்குமுன் அந்த வரியை அடித்துவிடு.

துஆவுடன்,
உன் உஸ்தாது